ஆர் பாக்கினம், ஆர் காசு குடுக்கினம்? வன்னியில சின்னத் தொழில் செய்யிறவை வீடியோ போடுற முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் சின்னதா ஒரு கடையோ தொழிலோ வச்சிருக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். மிளகாய்த்தூள் இடிச்சு விக்கிறவை, தையல் கடைக்காரர், விவசாய மருந்துக்கடை, கேக் செய்து குடுக்கிற பிள்ளையள், ரியூசன் சேர்மார் எண்டு எல்லாரும் இப்ப வீடியோ போடினம். போடுறது நல்லது, கட்டாயம் போடோணும். ஆனா கன பேர் ஒரே வீடியோவை எடுத்து பேஸ்புக், டிக்டொக், யூடியூப், வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாத்திலயும் தட்டி விட்டிட்டு, வியூஸ் நல்லா வந்தது ஆனா வாங்க ஒருத்தரும் வரேல்ல எண்டு மனம் சோர்ந்து விட்டிடுகினம். வியூஸ் வந்தது உண்மைதான், பாத்தது ஆர் எண்டதுதான் கேள்வி. பதினாறு வயசுப் பெடியள் ஆயிரம் பேர் பாத்தாலும் மருந்தடிக்கிற மெசின் ஒண்டும் விலைப்படாது, அதை வாங்கிறது அவையின்ர தகப்பன், அவர் டிக்டொக் பக்கமே வாறேல்ல.

எங்கட வீடுகளில வீடியோவைப் பாக்கிறவர் ஒருத்தர், வாங்குவம் எண்டு முடிவெடுக்கிறவர் இன்னொருத்தர், காசு குடுக்கிறவர் சில நேரம் மூண்டாவது ஆள், அவர் கனடா ஸ்காபரோவிலயோ பரிஸ் லாச்சப்பலிலயோ இருப்பார். மூண்டு பேருக்கும் மூண்டு வயசு, மூண்டு ஆப், மூண்டு நேரம். அதால வீடியோ எடுக்க முன்னம் உங்கட பொருளுக்கு இந்த மூண்டு பேரும் ஆர் எண்டு ஒரு துண்டுக் கடதாசியில எழுதுங்கோ. பள்ளிக்கூடச் சப்பாத்து எண்டால் பாக்கிறது பிள்ளை, முடிவு தாய், காசு தகப்பன். சாமத்திய வீட்டுச் சோடினை எண்டால் பாக்கிறது பெட்டை, முடிவு தாயும் மாமிமாரும், காசு கன இடத்தில வெளிநாட்டு மாமா. லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பாட்ஸ் எண்டால் மூண்டும் ஒரே ஆள், அதில குழப்பமே இல்லை.

பேந்து ஒரு கொப்பி வாங்கி காசு மேசையில வையுங்கோ. வாற ஆக்களிட்ட பில் போடேக்க ரெண்டே ரெண்டு கேள்வி: "எங்கட கடையை எதில பாத்தனீங்கள்? ஆர் காட்டினது?" அந்த ரெண்டாவது கேள்வியை ஒருத்தரும் கேக்கிறேல்ல, ஆனா அதுதான் பெறுமதியான கேள்வி. "மோள் காட்டினவள்", "லண்டனில இருந்து தம்பி அனுப்பினவன்", "பஸ்ஸில கூட வாற பிள்ளை காட்டினது" எண்டு பதில் வரும், ஆளின்ர வயசை நீங்கள் பாத்து மட்டுக்கட்டி எழுதுங்கோ, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ரெண்டு மூண்டு கிழமையில உங்கட வீடியோ எந்த வயசில தொடங்கி எந்த வயசுக்குப் போகுது எண்டு ஒரு பாதை தெரியத் தொடங்கும்.

போன் காட்டுற கணக்கு இருக்கேக்க ஏன் கொப்பி எண்டு கேப்பியள். யூடியூப் ஸ்டூடியோவில அனலிடிக்ஸுக்குள்ள போய் ஓடியன்ஸ் எண்டதை அமத்தினால் 13–17, 18–24, 25–34 எண்டு தொடங்கி 65க்கு மேல வரைக்கும் வயசு பிரிச்சுக் காட்டும் (வியூஸ் குறைவா இருந்தால் காட்டாது). ஆனா அது எக்கவுண்ட் ஆற்ற பேரில இருக்கோ அந்த ஆளின்ர வயசு. எங்கட பக்கம் கன வீட்டில நல்ல போன் ஒண்டுதான், 2020இல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டி வகுப்பெல்லாம் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனாப் பிறகு கடன்பட்டு வாங்கின போன், அது இப்பவும் வீட்டுக்குப் பொதுப் போன்தான். காலமை தாய் சமையல் பாப்பா, பின்னேரம் சின்னவன் காட்டூன், ராவைக்குத் தகப்பன் செய்தி, மூண்டும் முப்பத்தெட்டு வயசுப் பெண் ஒராள் பாத்த மாதிரித்தான் கணக்கில விழும். அதோட பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் மூண்டுக்கும் குறைஞ்சது 13 வயசு வேணும் எண்டபடியால் சின்னாக்கள் வயசைக் கூட்டிப் போட்டுத்தான் திறக்கினம். அதால வயசுக் கணக்கைத் தனிய நம்பாமல், அதே இடத்தில உங்கட ஆக்கள் எந்த நேரம் யூடியூபில நிக்கினம் எண்டு காட்டுறதையும் சேத்துப் பாருங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு வாற "38 வயசு" அநேகமாப் பிள்ளையாத்தான் இருக்கும்.

இனி வயசு வயசாப் பாப்பம்.

பதின்மூண்டுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு நேரா விக்க வெளிக்கிட வேண்டாம். யூடியூபில பிள்ளையளுக்கான வீடியோ எண்டால் அப்பிடியே குறிக்கோணும், 2020 தையில இருந்து அது கட்டாயம், குறிச்சால் கொமென்ட் பூட்டுப்படும், ஆளைப் பாத்துப் போடுற விளம்பரமும் வராது. சட்டத்தை விடுங்கோ, நாட்கூலிக்குப் போற வீட்டில ஒரு பிள்ளை விளையாட்டுச் சாமான் வீடியோவைப் பாத்திட்டு அழுதால் அந்தத் தாய்க்கு எவ்வளவு வேதனை. விளையாட்டுச் சாமான் கடை எண்டாலும் தாயோட கதையுங்கோ: எவ்வளவு காலம் நிக்கும், வாயில வச்சால் பிரச்சினையோ, விலை என்ன.

பள்ளிக்கூடப் பெடியள் பெட்டையள் டிக்டொக், ஷோர்ட்ஸ் (யூடியூபின்ர சின்ன வீடியோ), கேம் எண்டு ஓடிக்கொண்டிருப்பினம், ஒரு வீடியோவில ஒரு கணம் நிண்டாலே பெரிய விசயம். ஆனா இதே பிள்ளையள் ஓஎல், ஏஎல் சோதினை கிட்ட வந்தால் ஒரு மணித்தியால வீடியோவையும் கொப்பி பேனையோட இருந்து பாப்பினம். ரியூசன் வச்சிருக்கிறவை இந்த இடத்தில சோர்ட்டா வெட்டிப் போடத் தேவையில்லை, முழுப் பாடத்தையும் போடுங்கோ, தலைப்பில எந்த வருசத்துப் பேப்பர், எத்தினையாம் கேள்வி எண்டு தெளிவா எழுதுங்கோ, ஏனெண்டால் பிள்ளை அப்பிடித்தான் தேடும். காசு கட்டுறது தாய் தகப்பன் எண்டபடியால் அவைக்கெண்டு பேஸ்புக்கில வேற ஒரு சின்ன வீடியோ: வகுப்பு நேரம், எத்தினை மணிக்கு விடும், பெட்டையள் இருட்ட முன்னம் வீட்ட போகலாமோ எண்டது. துணுக்காயிலயோ நெடுங்கேணியிலயோ இருக்கிற தாய்க்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

பதினெட்டில இருந்து இருபத்தஞ்சு மட்டும் டிக்டொக்கும் ரீல்ஸும் (பேஸ்புக், இன்ஸ்டாவின்ர சின்ன வீடியோ). இவை போன் எடுத்துக் கதைக்க மாட்டினம், மெசேஜ்தான் போடுவினம், அதுக்கும் உடன பதில் வராட்டி அடுத்த கடைக்குப் போயிடுவினம். "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" எண்டு போடுறதை தயவுசெய்து விடுங்கோ, விலையை வீடியோவிலயே எழுதுங்கோ. கையில காசில்லாத வயசு, வெக்கப்பட்டுக் கேக்காமலே போயிடுவினம். ஒரு விசயம், இந்தியாவில 2020 ஆனியில டிக்டொக்கைத் தடை செய்திட்டினம், அதால தமிழ்நாட்டு ஆக்களுக்கும் விக்கிறவை ரீல்ஸ், ஷோர்ட்ஸ் பக்கம் போகோணும்.

இருபத்தஞ்சில இருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் உள்ள பெண்கள்தான் வன்னியில வீடியோவைப் பாத்து உண்மையா சாமான் வாங்கிற கூட்டம் எண்டு நான் நம்புறன். இவையில ரெண்டு விதம் இருக்கு. வீட்டில நிக்கிறவை பிள்ளையளை அனுப்பிப்போட்டு உலை வச்சிட்டு ஒம்பது பத்து மணிபோல போனை எடுப்பினம், யூடியூபும் பேஸ்புக்கும், சமையல், சட்டை வெட்டுறது, பிள்ளைக்குச் சளிக்கு என்ன குடுக்கிறது, ஆறுதலா முழுசாப் பாப்பினம். அஞ்சு நிமிச வீடியோ இவைக்குச் சரி. கார்மென்ஸுக்குப் போறவை வேற, விடியக் கருக்கலில பஸ் ஏறி இருட்டேக்க இறங்கிறவை, பஸ்ஸுக்குள்ள தலையைச் சாய்ச்சுக்கொண்டு ஒரு காதில இயர்போனோட, அரைக்கண் நித்திரையில பாக்கினம். அவைக்கு முப்பது செக்கன், சத்தம் இல்லாமலும் விளங்கிற மாதிரி எழுத்து, ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பியளோ எண்டது. சம்பளம் வாற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் போட்டுப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கமம் செய்யிற ஆக்கள், நாப்பதுக்கு மேல. இவையைக் கன பேர் "வீடியோ பாக்காதவை" எண்டு விட்டிடுறது பெரிய பிழை. ராவைக்குச் சாப்பிட்டு விறாந்தையில இருந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி வச்சு, செய்தியும் உழவு மெசினும் பயிர் நோயும் பாக்கினம், பக்கத்து வீட்டுக்கும் கேக்கும். இவையைப் பிடிக்கிறது பாட்டும் ஆட்டமும் இல்லை, வயலில வந்த பிரச்சினை. நெல்லு மஞ்சளாகி வட்டம் வட்டமாக் கருகுது எண்டால், அந்தக் கருகின இடத்தைக் கிட்டப் பிடிச்சு, தண்டை விரலால விரிச்சு அடியில தத்தி இருக்கிறதைக் காட்டி, "இப்பிடி இருந்தால் இது கபிலத் தத்தி" எண்டு தொடங்குங்கோ, கடையின்ர பேர் பிறகு வரட்டும். சோளத்தில சேனா புழு எண்டால் குருத்தை விரிச்சுக் காட்டுங்கோ. மருந்து பற்றிச் சொல்லேக்க போத்தலில இருக்கிற லேபலைக் காட்டி அதில உள்ள அளவை மட்டும் சொல்லுங்கோ, சந்தேகம் எண்டால் கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைக் கேக்கச் சொல்லுங்கோ. கூடச் சொல்லி வித்தால் ஒரு போகம் விக்கலாம், அடுத்த போகம் அந்தச் சனம் உங்கட படலைக்கு வராது. இன்னொண்டு, விளம்பரத்துக்கு ஆம்பிளையளை மட்டும் தெரிவு செய்ய வேண்டாம். பெண்கள் தனிய நிண்டு குடும்பத்தை நடத்திற வீடுகள் எங்கட பக்கம் கன இருக்கு, வயலும் மாடும் தோட்டமும் அவைதான் பாக்கினம், அவையை விட்டிட்டு விவசாய வீடியோ போடுறது எனக்குச் சரியாப் படேல்ல.

அறுவதுக்கு மேற்பட்ட ஆக்கள் அநேகம் தேடி எழுத மாட்டினம், மைக்கை அமத்தி வாயால சொல்லுவினம், இல்லாட்டிப் பேரப்பிள்ளை போட்டுக் குடுக்கும். அதால தலைப்பு வாயில வாற தமிழில இருக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கல் லைவ், மடுத் திருவிழா, பழைய பாட்டு, மரண அறிவித்தல், வெளிநாட்டுப் பிள்ளையள் அனுப்பிற வட்ஸ்அப் வீடியோ, இதுதான் இவையின்ர உலகம். ஆறுதலாக் கதையுங்கோ, எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ, போன் நம்பரை ரெண்டு தரம் வாயால சொல்லுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் வயசால பாக்கப் பல விதம், ஆனா ஒண்டு பொது: ஐம்பது வயசுக்காரர் பெரிய டீவியில யூடியூபைப் போட்டுக் குடும்பத்தோட ஊர் பாக்கிறார். அவருக்குப் போனை நிமித்திப் பிடிச்ச வீடியோ டீவியில ஒடுக்கமாத் தெரியும், படுக்கையாப் பிடிச்சு, பத்துப் பன்னிரண்டு நிமிசம், இரணைமடுக் குளக்கட்டு, பரந்தன் சந்தி, ஏ9 ரோட்டு எல்லாம் வர எடுங்கோ, ஊரைக் காட்டிக்கொண்டு போகேக்க உங்கட பொருளும் வரட்டும். நேரம் முக்கியம். நாங்கள் பின்னேரம் ஏழு மணிக்குப் போட்டால் கோடையில ரொறன்ரோவில காலமை ஒம்பதரை, ஆக்கள் வேலையில. அங்க ராத்திரி எட்டு மணிக்குப் பாக்கோணும் எண்டால் இஞ்ச விடிய அஞ்சரை, குளிர்காலத்தில ஆறரை. லண்டனில கோடையில ராத்திரி எட்டு எண்டால் இஞ்ச சாமம் பன்னிரண்டரை. எழும்பி இருக்கத் தேவையில்லை, யூடியூபிலயும் பேஸ்புக்கிலயும் நேரம் குறிச்சு வச்சிட்டுப் படுக்கலாம், கனடாவுக்கு எண்டால் எங்கட சனிக்கிழமை விடியப்பறம் நல்லது, அங்க வெள்ளி இரவு. ஆடி ஆவணியில விடுமுறைக்கு வாறவைக்கு ரூம், வான், சாப்பாடு விக்கிறதெண்டால் வைகாசியிலயே போடத் தொடங்குங்கோ, ரிக்கற் போட்டாப் பிறகு சனம் இதுகளைத்தான் தேடும்.

இப்ப ஒரு வீடியோவைக் கிட்ட வச்சுப் பாப்பம். விசுவமடுவில ஒரு அக்கா வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் விக்கிறா எண்டு வைப்பம். பாக்கிறது இளம் குடும்பப் பெண்கள், முடிவும் அவை, பெரிய ஓடர் வெளிநாட்டுக்குப் பாசல் அனுப்பிற தாய்மாரிட்ட இருந்து. முதல் மூண்டு செக்கன் வணக்கமும் வேண்டாம் கடைப் பேரும் வேண்டாம், தாச்சியில செத்தல் மிளகாய் கறுக்காமல் பொரியிற சத்தமும் நிறமும். பேஸ்புக் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ எண்டு எண்ணும், அதால வியூஸைப் பாத்துச் சந்தோசப்படாமல் அந்த மூண்டு செக்கனுக்குப் பிறகு எத்தினை பேர் நிண்டவை எண்டு பாருங்கோ. அடுத்து மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை ஒவ்வொண்டாத் தாச்சிக்குள்ள விழ, அக்காவின்ர குரல்: "நாங்கள் கலர் போடுறேல்ல, இஞ்ச பாருங்கோ." தூளை ஒரு வெள்ளைத் துணியில கொட்டி, உதறிக் காட்டுறது. பேந்து பைக்கற்றைத் தராசில வச்சு நிறை தெரியக் காட்டி, விலையை எழுத்திலும் வாயாலும் சொல்லி, இடம் சொல்லி, நம்பர் சொல்லி முடியுங்கோ. ஐம்பது செக்கன் போதும். ஷோர்ட்ஸ் 2024 ஐப்பசியில இருந்து மூண்டு நிமிசம் வரைக்கும் விடுகுது, விடுகுது எண்டதுக்காக இழுக்க வேண்டாம்.

அதே எடுப்பில இருந்து நாலு துண்டு வெட்டலாம். நிமித்தின ஐம்பது செக்கன் ஷோர்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும். துணியில உதறுற இடம் மட்டும் பதினைஞ்சு செக்கன் டிக்டொக்குக்கு. வறுக்கிறதில இருந்து அடைக்கிறது வரை முழுசா ஆறு நிமிசம் யூடியூபுக்கு, அதுக்குத் தலைப்பு "கனடாவுக்கு அனுப்ப மிளகாய்த்தூள் வறுக்கிறது எப்பிடி". நாலாவது வட்ஸ்அப்புக்கு, அரை நிமிசம், விலையும் நம்பரும் வீடியோவுக்குள்ளயே எழுதியிருக்கோணும், ஏனெண்டால் ஒராள் இன்னொராளுக்கு அனுப்பேக்க நீங்கள் கீழ எழுதினது வராமலும் போகலாம், வீடியோ மட்டும் கனடா வரைக்கும் போகும். வட்ஸ்அப் புரோட்காஸ்ட் லிஸ்டில (ஒரே தரத்தில கன பேருக்குத் தனித்தனியா அனுப்பிற பட்டியல்) 256 பேரைச் சேக்கலாம், ஆனா உங்கட நம்பரைத் தங்கட போனில சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் போகும், அதால கடைக்கு வாறவையிட்ட "நம்பரைப் பதிஞ்சு வையுங்கோ" எண்டு வாய் விட்டுக் கேளுங்கோ. பின்னணிக்குச் சினிமாப் பாட்டுப் போட வேண்டாம், யூடியூபில கொப்பிரைட் பிடிக்கும், டிக்டொக்கில பிஸ்னஸ் எக்கவுண்டுக்கு வியாபாரத்துக்கு விடுற பாட்டு மட்டும்தான் தருவாங்கள். உலக்கைச் சத்தமே காணும்.

காசு போட்டு பூஸ்ட் பண்ணுறதெண்டால் (காசு கட்டிக் கூடப் பேருக்குக் காட்டுறது) முதலில சும்மா போட்டு ரெண்டு நாள் பாருங்கோ, சனம் தானா ஷெயர் பண்ணின வீடியோவுக்கு மட்டும் காசு போடுங்கோ. பேஸ்புக்கில இடத்தை வரைபடத்தில குத்தி, உங்கட கடைக்கு வரக்கூடிய தூரம் மட்டும் விடுங்கோ, இலங்கை முழுக்க விட்டால் காலியிலயும் மாத்தறையிலயும் உங்கட காசு கரையும். யூடியூப் விளம்பரத்தில அஞ்சு செக்கனில தள்ளி விடக்கூடிய வகை இருக்கு, சாதாரணமா அரை நிமிசம் பாத்தால், இல்லாட்டி வீடியோ சின்னனெண்டால் முடிய மட்டும் பாத்தால், இல்லாட்டி அமத்தினால்தான் காசு கழியும், அதால முதல் அஞ்சு செக்கனுக்குள்ள இடத்தின்ர பேரைச் சொல்லிப்போடுங்கோ, தேவையில்லாதவர் தள்ளிக்கொண்டு போகட்டும், உங்களுக்குச் செலவில்லை. பெரும்போக அறுவடை முடிஞ்சு மாசி பங்குனியில கையில காசு புழங்கும், பெரிய சாமான் விக்கிறவை அந்த நேரத்துக்குக் காசை ஒதுக்கி வையுங்கோ. விதைப்பு நேரம் ஐப்பசி கார்த்திகையில கடனில நிக்கிற சனத்துக்கு ஆடம்பரச் சாமான் காட்டிப் பிரயோசனமில்லை.

ஒரு விசயத்தைச் சொல்லாமல் விடமாட்டன். வெளிநாட்டு ஆக்கள் ஐம்பது அறுவது வயசில இருந்து அழுதழுது பாப்பினம் எண்டு தெரிஞ்சுகொண்டு, எங்கட சனத்தின்ர ஓட்டை வீட்டையும், கால் இழந்தவரையும், சின்னப் பிள்ளையின்ர முகத்தையும் கமராவில பிடிச்சு வியூஸ் எடுக்கிற வேலை நடக்குது. அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில இருக்கேக்க கூட இருக்கிற பிள்ளையளின்ர போனிலயும் அதே வீடியோ வரும். உதவி செய்யிறதெண்டால் செய்யுங்கோ, முகம் வேண்டாம். கடை வீடியோவிலயும் அப்பிடித்தான், வாங்க வந்த ஆக்களைப் பிடிக்க முன்னம் கேளுங்கோ, பிள்ளையள் எண்டால் தாய் தகப்பனைக் கேளுங்கோ, ஓம் எண்டு சொல்லி வீட்ட போய் மனம் மாறினாலும் அழிச்சு விடுங்கோ.

ஒரு மாசம் போனாப் பிறகு கொப்பியை எடுத்து வச்சுக்கொண்டு யூடியூப் கணக்கையும் பேஸ்புக் கணக்கையும் பக்கத்தில திறவுங்கோ. கொப்பியில "மோள் காட்டினவள்" எண்டது கூட இருந்தால், அடுத்த வீடியோ மோளுக்கு, விலை மட்டும் தாய்க்கு விளங்கிற மாதிரி. "தம்பி அனுப்பினவன்" எண்டது கூட எண்டால் சனிக்கிழமை விடியப்பற வீடியோவைக் கூட்டுங்கோ, வெளிநாட்டில இருந்து காசு போடுற வழியை, பாங்க் எக்கவுண்ட் விபரத்தைக் கேட்டவுடன அனுப்ப வசதியா எழுதி வையுங்கோ. கொப்பியில ஒண்டுமே இல்லாமல் வியூஸ் மட்டும் ஏறியிருந்தால் அந்த ஆப்பை ஒரு மாசம் நிப்பாட்டிப்போட்டு, அந்த நேரத்தை மற்றதுக்குக் குடுங்கோ.